இரண்டு பேருக்கான வால்வு

சுரங்கம் சரிந்த பிறகு மேல் கேபினில் இருந்தவர்கள் எல்லோரும் ஊர்தியில் ஏறித் தலைமை நிலையத்துக்குப் போய்விட்டார்கள். ஜெசிந்தா மட்டும் போகவில்லை. யாராவது ஒருவர் இருந்து இயந்திரங்களை ஒவ்வொன்றாக அணைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டுக் கடைசியாகக் கிளம்ப வேண்டும் என்பது விதி. இந்த மாதிரி வேலையெல்லாம் தவறாமல் அவள் தலையில்தான் வந்து விழும். வீட்டில் வழி பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லாதவர்களைத்தான் கடைசி ஆளாக நிறுத்துவார்கள். பூமியில் எப்படியோ, நிலவில் அப்படித்தான்.

அவளுக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். வருத்தம் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. தூத்துக்குடிக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், பாதுகாப்புப் பொறியாளர். வாரம் ஒருமுறை பூமியோடு பேச ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவார்கள். அவளுடைய நேரத்தை யாராவது கேட்டால் உடனே கொடுத்துவிடுவாள். "எனக்கு எதுக்கு, நீங்க பேசுங்க" என்பாள். பெருந்தன்மை என்று எல்லோரும் நினைத்தார்கள். எண்ணை அழுத்தினால் எடுக்க ஆளில்லை என்பதுதான் விஷயம்.

சரிந்த இடத்துக்கு அடியில் கீழ் கேபின் இருந்தது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐவரும் திருச்செங்கோட்டுக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த ஊர் ரிக் வண்டி போகாத ஊர் இந்தியாவில் கிடையாது. நிலவின் தென்முனையில், வெயிலே விழாத பள்ளத்தில், உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை எடுக்க ஆழ்துளை போட வேண்டும் என்று வந்தபோது கம்பெனி வேறு எங்கே போய் ஆள் தேடும்? பாறை சரிந்ததில் மின்சார ஒயர் அறுந்தது, பேச்சு ஒயரும் அறுந்தது. மேலிருந்து கீழே ஆக்சிஜன் கொண்டுபோகும் ஹோஸ் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நடுவில் கிடந்ததெல்லாம் தூசியும் உதிரிக் கல்லும். நிலவின் தூசி சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். மேலே இருந்தவர்கள் பாறையைச் சம்மட்டியால் அடித்துப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. வராது என்பது அடித்தவர்களுக்கே தெரியும்.

ஆக்சிஜன் லைனை மூடப் போன ஜெசிந்தாவின் கை பாதியில் நின்றது. வால்வு அடித்தது. கடகடகடவென்று ஒரு குலுக்கல், பிறகு அமைதி. கையை எடுக்காமல் காத்திருந்தாள். மறுபடியும் கடகடகட.

தலைமை நிலையத்தில் பொறுப்பாளர் அறவாழி. முப்பத்தைந்து வயது இருக்கும். பாறைகளைப் படித்தவன், குழாய்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டான்.

"சார், கீழ் லைன் வால்வு அடிக்கு" என்றாள்.

"அது என்ன பண்ணும் மேடம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. நான் மேல பதில் சொல்லணும்."

"அதுக்கு ரெண்டு பக்கம் உண்டு. இந்தப் பக்கம் நம்ம ஆக்சிஜன் லைன், அந்தப் பக்கம் கீழ் கேபின். இங்க எவ்வளவு அழுத்தம், அங்க எவ்வளவு அழுத்தம்னு அது தனித்தனியா பாக்காது. ரெண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு மட்டும் பாக்கும். நான் ஸ்பிரிங்கைத் திருகி வெச்ச அளவைத் தாண்டிச்சுன்னா தட்டு மேல தூக்கும், இங்கேருந்து அங்க ஆக்சிஜன் போகும். வித்தியாசம் குறைஞ்சதும் ஸ்பிரிங் தட்டை இறக்கி மூடிரும்."

"அப்போ நம்ம பக்கம் அழுத்தம் ஏறுதா?"

"இல்ல சார். நம்ம கேஜ் முள்ளு அசையவே இல்ல. அங்க இறங்குது."

"கசிவு" என்றான்.

"கசிவா இருக்கலாம். ஆள் இருந்தாலும் இறங்கும். மூச்சு விட்டா ஆக்சிஜன் குறையும். அவங்க வெளிய விடுற கரியமில வாயுவைச் சுண்ணாம்புப் பெட்டி உறிஞ்சிரும். ரெண்டும் போச்சுன்னா அழுத்தம் இறங்கத்தானே செய்யும்?"

"சுண்ணாம்புப் பெட்டிக்குள்ள காத்தைத் தள்ள விசிறி ஓடணுமே. கரன்ட் கிடையாது."

"பேட்டரி இருக்கு. அதுவும் போனா மிதிக்கிறதுக்குப் பெடல் இருக்கு."

அறவாழி யாரிடமோ பேசிவிட்டுத் திரும்ப வந்தான். அவன் குரலிலேயே பதில் தெரிந்துவிட்டது. "கசிவுதான்னு மேல முடிவு பண்ணிட்டாங்க மேடம். லைனை அடைச்சுட்டுக் கிளம்பச் சொல்றாங்க. உதிரிப்பாறையில ஆக்சிஜனை ஊத்திட்டு இருக்க முடியாதுன்னு சொல்றாங்க. தோண்டுற மெஷின் எல்லாம் வேற பள்ளத்துல இருக்கு. ஆள் இருக்காங்கன்னு உறுதியா தெரிஞ்சாதான் அதைக் கொண்டுவர முடியும்."

"உறுதியா சொன்னா கொண்டுவருவாங்களா?"

"அதுக்கு நான் பொறுப்பு."

"அப்போ எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. சைக்கிள் டயர்ல ஓட்டை இருந்தா என்ன ஆகும்? காத்து ஏத்த ஏத்த வேகமா இறங்கும். கசிவும் அப்படித்தான். மூச்சு அப்படி இல்ல. கொஞ்சம் கூடக் குடுத்தாங்களேன்னு யாரும் கூட மூச்சு விட மாட்டாங்க."

லைனின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். வால்வு அலறி அடித்துக் கீழ் கேபினையும் அதே அளவுக்கு ஏற்றிவிட்டு ஓய்ந்தது. பிறகு மீட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். கீழே எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று அந்த மீட்டர் காட்டும். சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. கசிவாக இருந்தால் ஓட்டம் கூட வேண்டும். கூடவில்லை. முன்பு எவ்வளவு போயிற்றோ அவ்வளவுதான் போயிற்று. சில சமயம் நன்றாகக் குறைந்து பிறகு ஏறியது. தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, பார்க்கத்தான் யாருமில்லையே.

"சார், ஆள் இருக்கு" என்றாள். "ரெண்டு பேர்."

"ரெண்டுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"மாட்டிக்கிட்டா நடக்கக் கூடாது, கத்தக் கூடாது, அசையாமப் படுத்துக் கிடக்கணும்னு இந்தப் பசங்களுக்குப் பாடம் எடுத்ததே நான்தான். படுத்துக் கிடக்கிற ஆளுக்கு இவ்வளவு ஆக்சிஜன் போதும்னு கணக்கு உண்டு. மீட்டர் காட்டுறது அந்த மாதிரி ரெண்டு ஆளுக்கு."

அவள் சொன்ன கணக்கில் பிசகு எதுவும் தெரியவில்லை. அறவாழி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், தோண்டும் இயந்திரம் கிளம்பியது. ஆனால் அது வந்து சேர்ந்து, தூசியையும் பாறையையும் அள்ளிப் போட்டு வழி உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வால்வு தாங்காது.

"ஏன் தாங்காது?" என்றான் அறவாழி.

"இது பெரிய வால்வு சார். தினமும் எவ்வளவு போகும்னு பாத்து வால்வோட அளவை எடுக்கக் கூடாது. ஆக மோசமான நேரத்துல எவ்வளவு போகணுமோ, அதை வெச்சுத்தான் எடுக்கணும். அஞ்சு பேரும் உள்ள இருக்கும்போது வெளிய போற வழியில இருக்கிற தூசி அறைக் கதவைத் திறந்தா மொத்தக் காத்தும் ஒரே மூச்சுல வெளிய போகும். அந்த நேரத்துக்கு ஈடு குடுக்கத்தான் இவ்வளவு பெரிசு. இப்போ போறது ரெண்டு பேர் மூச்சு. கல்யாண அண்டாவுல ஒரு டம்ளர் பால் காய்ச்சுற மாதிரிதான். தட்டு லேசா தூக்கறதுக்குள்ள வித்தியாசம் தீந்துருது, ஸ்பிரிங் அடிச்சு மூடுது. உடனே திரும்பத் தூக்குது, திரும்ப அடிக்குது. அதான் இந்தக் கடகட. இப்படியே அடிச்சா தட்டு வெடிச்சிரும். உடைஞ்ச துண்டு வாயில சிக்கிச்சுன்னா லைன் அடைச்சுக்கும்."

"சின்னதா வேற இருக்கா?"

"பரிசோதனைக் கூடத்துல ஒண்ணு கிடக்கு. ரெண்டு பேர் எழுந்து நடமாடினாலும் தாங்கும். அதைப் போட்டுருதேன்."

"மேடம், ரெண்டு பேருக்கான வால்வைப் போட்டா, ரெண்டு பேர்தான்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." அறவாழியின் குரல் இறங்கிவிட்டது. "வீட்டுக்காரங்ககிட்ட சொல்லணும். நீங்க சொல்றீங்களா? எனக்கு வாய் வராது."

இதுவும் அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

ஐந்து வீட்டுப் பெண்களும் திருச்செங்கோட்டில் கம்பெனி அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பேசியவள் பொன்னரசி. ஐவரில் ரிக் ஓட்டும் செங்கோட்டுவேலின் மனைவி. நிலவிலிருந்து பேசினால் குரல் போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு மூச்சை உள்ளே இழுத்து விடுகிற நேரம் ஆகும். அந்த இடைவெளி எப்போதும் இருப்பதுதான். இந்த முறை அது ஜெசிந்தாவைப் பாடாய்ப் படுத்தியது.

"அக்கா, எத்தன பேருங்க்கா?"

"ரெண்டு பேர் இருக்காங்கம்மா."

இடைவெளி. பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாரு யாருன்னு தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா. மூச்சு போறது மட்டுந்தான் தெரியுது."

"செரிங்க்கா" என்றாள் பொன்னரசி. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்காதது ஜெசிந்தாவுக்கு அடி வாங்கியதுபோல் இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வால்வை மாற்றினாள். லைனைச் சற்று நேரம் மூடி, பெரியதைக் கழற்றி, சின்னதைப் பூட்டி, ஸ்பிரிங்கை அதே அளவுக்குத் திருகி வைத்துத் திறந்தாள். சின்ன வால்வு கச்சிதமாக வேலை செய்தது. தட்டு ஒரு மயிரிழை தூக்கி அப்படியே நின்றது. ஆக்சிஜன் போகிற சத்தமே இல்லை. காதை ஒட்டி வைத்தால்கூடக் கேட்காது. ஒரு வால்வு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

கேபினில் அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. கடகடப்பு இருந்தவரை தனக்கு அது துணையாக இருந்தது என்பது அது போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் பெரிதாகக் கேட்டது. தனக்குத்தானே பேசிப் பார்த்தாள், தன் குரலே பிடிக்காமல் நிறுத்திவிட்டாள். வேளாவேளைக்கு அறவாழி கூப்பிடுவான், பொன்னரசி கூப்பிடுவாள். அவர்கள் வைத்ததும் மீட்டர்தான். அந்த முள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே அவள் உயிரோடு இருப்பதாகத் தோன்றிற்று.

பிறகு ஒருமுறை முள் இறங்கியது. தூங்குகிறார்கள் என்று இருந்தாள். முள் ஏறவே இல்லை, பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு, ஒன்றாகிவிட்டது.

அறவாழியிடம் சொல்லவில்லை. பொன்னரசியிடம் எப்படிச் சொல்வாள்? இப்போது பூமியில் இன்னொரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, அந்த வீட்டுக்கே தெரியாது. உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். யார் என்று தெரியாமல் யாருக்காக அழுவது? முகம் தெரிந்தால் அந்த முகத்தை நினைத்து அழலாம். ஐந்து முகமும் தெரியும், ஐவருக்கும் பாடம் எடுத்தவள்தான். ஒவ்வொரு முகமாக மனதில் கொண்டுவந்து, இவனாக இருக்கக் கூடாது என்று தள்ளினாள். அப்படித் தள்ளினால் மற்றவன் சாகட்டும் என்று ஆகிறதே என்று வெட்கப்பட்டாள். கடைசியில் பெயர் இல்லாமலேயே அழுதாள். நன்றாகவே அழுதாள்.

முள் அதோடும் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மாதிரி மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தது. மிச்சமிருந்தவனும் போய்க்கொண்டிருக்கிறான். லைனில் ஆக்சிஜன் இருக்கிறது, வால்வு சரியாக இருக்கிறது, அவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டாள். பிறகு ஏன்?

பொன்னரசி கூப்பிட்டாள். அந்த நேரத்தில் எடுக்காமல் இருந்துவிடலாமா என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. எடுத்தாள்.

"ஏனுங்க்கா, கொஞ்ச நாளா சத்தமே காணோம்? மொதத் தடவ பேசுனப்ப பின்னால கடகடன்னு கேட்டுட்டே இருந்துச்சு."

"வால்வை மாத்திட்டேன்மா. இப்போ சத்தம் வராது."

"ஐயோ, எங்க ஊட்டுக்காரரு அங்க உக்காந்திருந்தா உங்ககூடச் சண்டைக்கு வந்திருப்பாருங்க." பொன்னரசி சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "லீவுல ஊட்டுக்கு வந்தா அவருக்குத் தூக்கமே புடிக்காது. கம்ப்ரசர் ஓடுற எடத்துலயே படுத்துப் படுத்துப் பழகிப்போச்சுங்களே. நான் என்ன பண்ணுவேன் தெரியுங்களா? கிரைண்டரப் போட்டு உட்ருவேன். மாவு இருக்காது, வெறுங்கல்லு ஓடும். கொறட்ட உட்டுத் தூங்குவாரு. கரன்டு போயிக் கிரைண்டரு நின்னுச்சோ, சட்டுன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. ரிக்குக்காரங்களுக்குச் சத்தம் நின்னா என்னமோ ஆயிப்போச்சுன்னு அர்த்தமுங்க. அவரு மட்டுமில்லீங்க்கா, அத்தன பேருமே அப்படித்தான்."

ஜெசிந்தா திரும்பி வால்வைப் பார்த்தாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. ஒரு வேலை இருக்கு. அப்புறம் பேசுதேன்."

ஹோஸின் அந்த முனையில், கீழ் கேபினுக்குள், தூசி வராமல் இருக்க ஒரு தகரத் தட்டி தொங்கும். காற்று வந்தால் தூக்கும், நின்றால் விழும். பெரிய வால்வு இங்கே அடித்தபோதெல்லாம் ஆக்சிஜன் குபுக் குபுக்கென்று போயிருக்கும். அங்கே அந்தத் தட்டி ஒவ்வொரு குபுக்குக்கும் தூக்கி விழுந்து அடித்திருக்கும். இருட்டில் கிடப்பவனுக்கு அது யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்திருக்கும். இந்தச் சின்ன வால்வு வழியாகப் போகிற ஓட்டத்துக்கு அந்தத் தட்டி அசையக்கூடச் செய்யாது. காற்று வருவதே தெரியாமல் வந்துகொண்டிருக்கும்.

அவள் படித்த படிப்பில் கடகடப்பு ஒரு கோளாறு. கோளாறைச் சரி செய்வதுதான் வேலை. அந்தக் கோளாறு ஒருவனுக்குத் துணையாக இருக்கும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

முள் பாதியாக இறங்கியதையும், பழைய பெரிய வால்வையே திரும்பப் போடப் போவதையும் அறவாழியிடம் சொன்னபோது அவன் பதறிவிட்டான். "என்ன மேடம் இது? நீங்கதானே சொன்னீங்க, அது உடைஞ்சு அடைச்சுக்கும்னு? உடைஞ்சா உயிரோட இருக்கிறவரும் போயிடுவார். லைன் கைவால்வைத் திறந்து மூடிச் சத்தம் கொடுக்க முடியாதா?"

"சின்ன வால்வு வழியா அவ்வளவு பெரிய குபுக்கு போகாது சார். ஹோஸ் நீளத்துல பாதி வழியிலேயே அடங்கிரும்."

"ரிஸ்க்கு மேடம்."

"தெரியும். தட்டைக் கழட்டிக் கழட்டி மெருகேத்துற பேஸ்ட் போட்டுத் தேச்சு மாட்டுவேன். வெடிப்பு விடுதான்னு ஒவ்வொரு தடவையும் பாப்பேன். எனக்கு இங்க வேற என்ன வேலை?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அவரு காத்து இல்லாமச் சாகல சார். யாரும் இல்லன்னு நெனச்சுச் சாகுதாரு. அது எனக்குத் தெரியும்."

"செய்யுங்க" என்றான்.

சரியான வால்வைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, தப்பான வால்வைத் திரும்பப் பூட்டினாள். திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. கீழே அழுத்தம் இறங்கி, வித்தியாசம் கூடி, ஸ்பிரிங்கின் அளவைத் தொட வேண்டும். மூச்சே குறைந்துவிட்ட இடத்தில் அழுத்தம் எங்கே சீக்கிரம் இறங்கப் போகிறது? ஏசுவே என்று சொல்லிக்கொண்டாள். தேவாலயத்துக்குப் போய் வருடக்கணக்காகிறது.

கடகடகட.

அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி வர வெகுநேரம் ஆயிற்று. அதற்கடுத்தது வரவும் வெகுநேரம். உட்கார்ந்த இடத்திலேயே கண் செருகியது. கடகடப்பு எழுப்பிவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. உடனே அதற்கடுத்தது.

மீட்டரைப் பார்த்தாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. பாதியைத் தாண்டி ஏறியது. பழைய இடத்தில், இரண்டு பேர் என்று அவள் சொன்ன அதே இடத்தில் போய் நின்றது.

எழுந்து நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். செத்தவன் திரும்பி வந்துவிட்டானா? அந்தச் சிரிப்பு முடியும் முன்பே மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அது அவள் பிழைப்பு, நிறுத்தச் சொன்னால் நிற்காது.

செத்தவன் திரும்பி வரமாட்டான். படுத்துக் கிடக்கிற இரண்டு பேர், தகரத் தட்டி அடிக்கிறது என்பதற்காகக் கூட மூச்சு விடமாட்டார்கள். யாரோ எழுந்திருக்கிறான். எழுந்து உடம்பை வருத்தி ஏதோ செய்கிறான். பேட்டரி என்றைக்கோ தீர்ந்திருக்கும். பெடல். விசிறியை மிதித்துச் சுண்ணாம்புப் பெட்டிக்குக் காற்றைத் தள்ளுகிறான். மிதிக்கிற ஒருவனுக்குப் படுத்திருக்கிற இரண்டு பேரின் ஆக்சிஜன் வேண்டும். சத்தம் நின்றபோது எல்லாம் முடிந்தது என்று மிதிப்பதை விட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். விசிறி நின்றால் கெட்ட காற்று அங்கேயே தேங்கும், அழுத்தம் இறங்காது, முள்ளும் மெல்ல மெல்லத் தணியும். சாவதற்குப் படுத்துக்கொண்டவனைப் பார்த்து ஒருவன் செத்தான் என்று அவள் அழுதிருக்கிறாள்.

அவள் அழுதது இல்லாத ஒருவனுக்காக.

இன்னொருவன் கூட இருந்து, இவன் மிதிக்க அவன் படுத்திருக்கலாமே? அதையும் பார்த்துவிட்டாள். முள் நன்றாகக் குறைந்து நிற்கிற நேரம் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் வரும். இருவரும் தூங்குகிறார்கள் என்று முதலில் நினைத்தாளே, அதுதான். மிதித்துக் களைத்தவன் அப்போது படுக்கிறான், அப்போது விசிறியும் நிற்கிறது. கூட ஒருவன் இருந்தால் அவன் ஏறி மிதித்திருப்பான், விசிறியை நிற்க விட்டிருக்கமாட்டான். மாற்றிவிட அங்கே ஆள் இல்லை.

அறவாழி கூப்பிட்டபோது மீட்டரின் அளவைச் சொன்னாள். அவன் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டான். "அப்போ ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" என்றான். அவள் விளக்கினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "சொல்லாம விட்டுடலாமே மேடம்" என்றான் கடைசியில். "கதவு திறக்கும்போது தெரியட்டும்."

"ரெண்டுன்னு சொன்னது நான் சார். இல்லாத அந்த ரெண்டாவது ஆளை நம்பி ஒரு வீடு கூடுதலா காத்துக்கிட்டிருக்கு. நானே சொல்லிருதேன்."

தனக்குச் சேர்ந்து கிடந்த பேச்சு நேரம் முழுவதையும் ஒரேயடியாகப் போட்டு, அவளே திருச்செங்கோட்டைக் கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் பூமிக்குப் போட்ட அழைப்புகளை எண்ணிவிடலாம்.

"சொல்லுங்க்கா" என்றாள் பொன்னரசி. பின்னால் மற்றவர்கள் நெருங்கி வருவது கேட்டது.

"பொன்னரசி, நான் தப்பா சொல்லிட்டேன்மா. ரெண்டு பேர் இல்ல. ஒருத்தர்தான். ஒருத்தரே ரெண்டு ஆள் வேலையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. அதுல ஏமாந்துட்டேன். மத்தவங்க அன்னைக்கே போயிட்டாங்க. என்னை மன்னிச்சுருங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். குரல் போய்ச் சேரும் நேரம் ஆயிற்று, திரும்பி வரும் நேரமும் ஆயிற்று. யாரும் கத்தவில்லை. அங்கே நான்கு பேர் அழ வேண்டும். அந்த நால்வர் யார் என்று தெரியாததால் ஒருவரும் அழ ஆரம்பிக்கவில்லை.

ஒரு வயதான குரல் ஏதோ கேட்டது. பொன்னரசி அதை அமர்த்தினாள். "அவரு யாருன்னு அக்காளுக்கும் தெரியாதுங்க அத்த" என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு லைனுக்கு வந்தாள்.

"அக்கா, அந்தச் சத்தம் திரும்ப வருதுங்களே, எனக்குக் கேக்குது."

"ஆமாம்மா. பழைய வால்வையே போட்டுட்டேன். அவருக்கு அது கேக்குது. அதைக் கேட்டுத்தான் எந்திரிச்சாரு."

"அது ஒடஞ்சுபோயிருமுன்னு சாரு சொன்னாருங்களே?"

"உடைய விடமாட்டேன்."

மறுபடியும் இடைவெளி. இந்த முறை அது நீண்டது. அங்கே பெண்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள், வார்த்தை பிடிபடவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பொன்னரசி சொன்னாள்:

"நிறுத்திப்போடாதீங்க்கா. யாரு ஊட்டு ஆளா இருந்தாலுஞ் செரி."

"நிறுத்தமாட்டேன்."

"நாங்க இப்பிடியே லைன்ல இருந்துக்கிறோம். நீங்களும் தனியாத்தான கெடக்கறீங்க."

ஜெசிந்தா மைக்கை வால்வின் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, பேஸ்ட் டப்பாவைத் திறந்தாள். வால்வு கடகடத்தது. ஒரு மூச்சு நேரம் கழித்து, பூமியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஐந்து பெண்களில் ஒருத்தி "ம்" என்று சொன்னாள்.